உகாரித் ஆப்பெழுத்தை மடிக்கணினியில் வாசிக்க வைத்தல்: செய்முறைப் பதிவு

வாசிக்கப்படாத எழுத்தின் மேல் ஒரு நிரலை ஏவுவதற்கு முன், ஏற்கெனவே வாசிக்கப்பட்ட எழுத்தின் மேல் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். விடை கையில் இருந்தால்தான் நிரல் எங்கே தேறுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று அளக்க முடியும். அந்தப் பயிற்சிக்கு, பண்டை நகரமான உகாரித்தில் களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளாகப் பதித்து எழுதிய உகாரித் எழுத்தை விடப் பொருத்தமான எழுத்து வேறில்லை. குறிகள் 30தான். சொல்லுக்குச் சொல் நடுவே பிரிப்புக் குறி உண்டு. இனமொழியான எபிரேயம் இன்றும் வாசிக்கப்படுகிறது.

சிரியாவின் கடற்கரையில் உள்ள ராஸ் ஷம்ரா மேட்டில் 1929இல் குளோத் ஷேஃபர் தலைமையில் நடந்த அகழாய்வில் இந்தக் களிமண் பலகைகள் வெளிவந்தன. ஓராண்டுக்குள், 1930இல், ஹான்ஸ் பாவர், எதுவார் தோர்ம், சார்ல் விரொலோ ஆகிய மூவரும் கையாலேயே எழுத்தை உடைத்து, அதாவது வாசித்து, விட்டார்கள். வெண்கலக் கோடரிகளில் பொறித்திருந்த அதே குறித்தொடர் ஒரு கடிதப் பலகையின் தொடக்கத்திலும் இருந்தது. அங்கே அதற்கு முன்னால் ஒரு குறி கூடுதலாக இருந்தது. அது 'இன்னாருக்கு' என்று பொருள்படும் 'ல்' ஆக இருக்கலாம் என்று விரொலோ ஊகித்தார். பாவர் எந்தக் குறிகள் சொல்முதலில் ஒட்டுகின்றன, எவை சொல்லீற்றில் ஒட்டுகின்றன என்று எண்ணிப் பார்த்தார். இதே வேலையைத்தான் நிரலும் செய்யப் போகிறது. 2010இல் பெஞ்சமின் ஸ்னைடர், ரெஜினா பார்சிலே, கெவின் நைட் மூவரும் செய்த நிரல் 30 குறிகளில் 29க்குச் சரியான எபிரேய எழுத்தைக் கண்டது. இனச்சொற்களில், அதாவது இரு மொழியிலும் ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்களில், 60 விழுக்காட்டுக்கு இணை கண்டது. நாம் செய்வது அதைவிட எளிய வடிவம். பைத்தான் போதும், சாதாரண மடிக்கணினி போதும்.

முதல் வேலை தரவு. முக்கால்வாசி உழைப்பு இங்கேதான் போகும்.

எபிரேயத்துக்கு லெனின்கிராட் சுவடி எனப்படும் கி.பி. 1008ஆம் ஆண்டுப் படியின் மின்வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது. உயிர்க்குறிகள் உள்ள வடிவத்தையே எடுக்க வேண்டும். குறிகள் நீக்கிய வடிவம் ஏன் உதவாது என்பது சற்றுக் கீழே. தானியேல் 2:4 முதல் 7:28 வரை, எஸ்றா 4:8 முதல் 6:18 வரை, எஸ்றா 7:12 முதல் 26 வரை, எரேமியா 10:11 ஆகிய பகுதிகள் அரமேய மொழியில் உள்ளவை. அவற்றை வெட்டி எறிய வேண்டும்.

அடுத்து உயிர்க்குறி நீக்கம். யூனிகோடில் எபிரேயப் புள்ளிகளும் ஓசைக் குறிகளும் பத்தடிமான எண்ணில் 1425 முதல் 1479 வரை இருக்கின்றன. அந்த வரிசையை மொத்தமாகத் துடைத்தால் ஒரு விபத்து நேரும்: இரண்டு சொற்களை இணைக்கும் மக்கேப் என்ற கோடு 1470இல், அதே வரிசைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதையும் துடைத்தால் இரு சொற்கள் ஒட்டிக்கொண்டு அகராதியில் இல்லாத நீளச் சொற்கள் குவியும். முதலில் 1470ஐயும், பிரிப்புக் கோடான 1472ஐயும் இடைவெளியாக மாற்ற வேண்டும்; பிறகே மற்றவற்றை நீக்க வேண்டும். எழுத்துகள் 1488 முதல் 1514 வரை, மொத்தம் 27. இவற்றில் ஐந்து சொல்லீற்று வடிவங்கள். காப், மேம், நூன், பே, த்சாதே ஆகியவற்றின் ஈற்று வடிவத்தை இயல்பு வடிவத்துக்கு மாற்றினால் 22 எழுத்து மிஞ்சும். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைப் படித்தவர்களுக்கு இந்த 22 பெயர்களும் பழக்கமானவை. பகுதிகளின் தலைப்பாக ஆலெப், பேத் என்று வரிசையாக நிற்பவை அவைதான்.

திரையில் எபிரேயம் வலமிருந்து இடமாகத் தெரியும். கோப்புக்குள் முதல் எழுத்து முதலில்தான் இருக்கிறது. உகாரித் இடமிருந்து வலம் என்பதால் எபிரேயச் சரத்தைத் திருப்ப வேண்டும் என்று தோன்றும். திருப்பக் கூடாது. திருப்பினால் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். மதிப்பெண் மட்டும் ஏறவே ஏறாது.

இனி, உயிர்க்குறி உள்ள வடிவம் ஏன் தேவை? எபிரேயத்தில் வாவ், யோத், ஹே ஆகியவை மெய்யாகவும் வரும், நெட்டுயிரைக் காட்டவும் வரும். உகாரித்தில் உயிரைக் காட்டும் வழக்கம் மிக அரிது. இரண்டையும் அப்படியே பொருத்தினால் எபிரேயப் பக்கம் வாவும் யோதும் அளவுக்கு மீறி நிற்கும். நிரல் உகாரித்தின் ஏதேனும் இரு அடிக்கடி வரும் குறிகளை இவற்றோடு கட்டிவிடும். அதனால் உயிராக நிற்கும் இடங்களை முன்கூட்டியே களைய வேண்டும். விதிகள் இவை. முந்தைய மெய்க்குச் சொந்த உயிர் இல்லாமல் வாவ் மேல் 1465 ('ஓ' புள்ளி) இருந்தால், அல்லது வாவுக்குள் 1468 (எழுத்தின் நடுப்புள்ளி) இருந்து வேறு உயிர் இல்லாவிட்டால், அந்த வாவ் உயிர், நீக்கவும். 1460 ('இ' குறி) அல்லது 1461 ('ஏ' குறி) பெற்ற மெய்க்குப் பின் சொந்தக் குறி ஏதும் இல்லாமல் வரும் யோத் உயிர்; நீக்கவும். சொல்லீற்றில் 1468 இல்லாத ஹே உயிர், நீக்கவும். ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் எழுத வேண்டும்: சொல்லின் முதலிலேயே 1468 பெற்று நிற்கும் வாவ் 'உம்' என்ற இணைப்புச் சொல். அது நெட்டுயிராக ஒலித்தாலும் மெய்யின் வழிவந்தது, உகாரித்தில் அதே இடத்தில் 'வ்' வரும். அதை நீக்கினால் நிரலுக்குக் கிடைக்கும் மிக உறுதியான துப்புகளில் ஒன்று போய்விடும்.

இந்தக் களையெடுப்பு எவ்வளவு பயன் தரும் என்பதற்கு 'வீடு' என்ற சொல் சான்று. பெத்லகேம், பெத்தேல் என்ற பெயர்களில் முன்னால் நிற்பது அதுதான். எபிரேய எழுத்தில் பேத்–யோத்–தௌ, உகாரித்தில் 'ப்–த்' இரண்டே குறி. அடைமொழியாக வரும் வடிவத்தில் யோத் மேற்கண்ட விதியால் நீங்கி, இரண்டும் அப்படியே பொருந்திவிடும்.

உகாரித் பக்கம் வேறு வகைக் களைகள். 2019இல் ஜியாமிங் லுவோ, யுவான் ட்சாவ், பார்சிலே செய்த ஆய்வின் நிரலோடு ஓர் உகாரித்–எபிரேயச் சொற்பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. தொடங்க அது போதும். ஆனால் அதில் விடையும் பக்கத்திலேயே இருப்பதால், எபிரேய நெடுவரிசையைத் தனிக் கோப்பாக வெட்டி எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். பலகை பலகையாக ஒலிபெயர்ப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை உடைந்த இடத்தில் பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்துகள். அந்தச் சொற்களை எடுத்துக்கொள்ளக் கூடாது. நிரப்பியவர் எபிரேயம் தெரிந்தவர் என்பதால் அவர் அறிவு நம் சோதனைக்குள் கசிந்துவிடும். வரியீற்றில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும் சொற்களை ஒட்ட வேண்டும். இதே ஆப்பெழுத்தில் ஹுர்ரிய மொழியிலும் அக்காதியத்திலும் எழுதப்பட்ட பலகைகள் உண்டு. அவை கலந்தால் நிரல் குழம்பும்.

பிறகு கண்ணைக் கட்ட வேண்டும். ஒலிபெயர்ப்புக் கோப்பில் 'ப்' என்ற ஒலி 'ப்' என்றே எழுதியிருக்கும். யூனிகோடு வடிவத்தை எடுத்தாலும் 66432 முதல் 66461 வரை 30 எழுத்தும் அகர வரிசையில் நிற்கின்றன. உகாரித்தின் வரிசை எபிரேய வரிசையை ஒத்தது. ஆகவே 30 குறிகளுக்கும் 1 முதல் 30 வரை எண்களைக் குலுக்கிப் போட்டு, திறவுகோலை வேறொருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. வரம்புகள், எடைகள், அகராதி அளவு எல்லாவற்றையும் முடிவு செய்து எழுதி வைத்த பிறகே அதைத் திறக்க வேண்டும். ஒருமுறை விடையைப் பார்த்துவிட்டு எடைகளை மாற்றினால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

பொருத்தத்தின் வடிவம் இது: 30 குறிகள், 22 எழுத்துகள், ஒவ்வொரு குறிக்கும் ஓர் எழுத்து. 22இன் 30ஆம் அடுக்கு, அதாவது சுமார் 134 பிட் அளவு தேடுவெளி. எல்லாவற்றையும் முயன்று பார்ப்பது நடக்காது. வரம்பு ஏதும் வைக்காவிட்டால் நிரல் பாதிக் குறிகளை லாமேட், மேம், யோத் என்று மூன்று நான்கு எழுத்துகளிலேயே கொட்டிவிடும். அடிக்கடி வரும் எழுத்துகளால் ஆன சொற்கள் அகராதியில் எளிதாக அகப்படுவதே காரணம். எனவே ஒவ்வோர் எபிரேய எழுத்துக்கும் குறைந்தது ஒரு குறி, அதிகம் போனால் மூன்று குறி என்று கட்ட வேண்டும்.

மதிப்பெண் தருவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 'பொருத்தத்தை வைத்து உகாரித் சொல்லை மாற்று, எபிரேயப் பட்டியலில் இருந்தால் ஒரு மதிப்பெண்' என்று எழுதினால் நிரல் குப்பையைக் கொண்டுவந்து தரும். கணக்கைப் பாருங்கள். 22 எழுத்தில் மூன்றெழுத்துச் சரங்கள் மொத்தம் 10,648. பட்டியலில் 3,000 மூன்றெழுத்துச் சொற்கள் இருந்தால், குருட்டாம்போக்கில் எழுதிய சரம்கூட 28 விழுக்காடு வாய்ப்பில் அகப்படும். நான்கெழுத்தில் 2,34,256 சரங்கள். 6,000 சொற்கள் இருந்தால் 2.6 விழுக்காடு. ஐந்தெழுத்தில் 51,53,632 சரங்கள். அதே 6,000 சொற்களுக்கு 0.12 விழுக்காடு. ஆகவே ஒரு சொல் பட்டியலில் அகப்படுவதன் எடை அந்த வாய்ப்பின் எதிர்மறை மடக்கையாக (அடிமானம் 2) இருக்க வேண்டும்: மேற்சொன்ன எண்களுக்கு மூன்றெழுத்துக்கு 1.8, நான்கெழுத்துக்கு 5.3, ஐந்தெழுத்துக்கு 9.7. எழுத்துகள் சமமாக வருவதில்லை என்பதால் உண்மையான தற்செயல் வாய்ப்பு இதைவிடக் கூடுதல். 200 குலுக்கல் பொருத்தங்களை ஓட்டி, ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை அகப்படுகிறது என்று எண்ணி, அந்த எண்ணையே எடைக்குப் பயன்படுத்துவது சரியான வழி.

அகராதி பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் இதனால் அடிபடுகிறது. பட்டியல் பெருகப் பெருக எது வேண்டுமானாலும் எதோடும் பொருந்தும். வேதாகமத்தில் ஒரே முறை வரும் சொற்களை விட்டுவிட்டுத் தொடங்கவும்.

சொற்களை முழுதாக மட்டும் ஒப்பிட்டால் போதாது. தமிழில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவதைப் போல அங்கே 'வ்', 'ப்', 'ல்', 'க்' முன்னால் ஒட்டும்; பன்மையில் பின்னால் 'ம்' ஒட்டும். ஒவ்வொரு சொல்லையும் மூன்று விதமாகப் பார்க்கலாம்: முழுச்சொல், முதற்குறி நீக்கியது, ஈற்றுக்குறி நீக்கியது. நீக்கிப் பார்த்துக் கிடைத்த பொருத்தத்துக்குப் பாதி எடை. பெண்பால் ஈறு இங்கே ஒரு தொல்லை. 'அரசி' உகாரித்தில் 'ம்–ல்–க்–த்', எபிரேயத்தில் அந்த 'த்' ஹே ஆகி, நம் களையெடுப்பில் அதுவும் போய்விடும். ஈற்றுக்குறி நீக்கும் வழி இருப்பதால்தான் இது தப்பிக்கிறது. எபிரேயத்தில் பெயர்முன் வரும் 'ஹ' என்ற சுட்டுச்சொல் உகாரித்தில் இல்லை; எபிரேயப் பக்கம் அதையும் கழற்றிவிட வேண்டும்.

தேடலுக்குச் சிமுலேட்டட் அன்னீலிங் முறை. கொல்லன் இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதைப் போல, தொடக்கத்தில் மோசமான மாற்றங்களையும் ஏற்று, போகப்போகக் கறாராவது. இரண்டு நகர்வுகள் போதும்: இரு குறிகளின் எழுத்தை மாற்றிக்கொள்வது, அல்லது வரம்பு மீறாமல் ஒரு குறியை வேறோர் எழுத்துக்கு நகர்த்துவது. தொடக்க வெப்பத்தை ஊகிக்க வேண்டாம். 1,000 குலுக்கல் நகர்வுகளில் மதிப்பெண் சராசரியாக எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதை 1.44ஆல் பெருக்கவும், சராசரி இறக்கம் ஒன்றை ஏற்கும் வாய்ப்பு அப்போது பாதியாக இருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் 0.99997ஆல் குளிர்த்தினால் 2 லட்சம் நகர்வில் வெப்பம் 400இல் ஒரு பங்காகும். இப்படி 50 முறை, வெவ்வேறு தொடக்கத்திலிருந்து. ஒவ்வொரு நகர்விலும் எல்லாச் சொற்களையும் மறுபடி மதிப்பிட்டால் இரவெல்லாம் ஓடும். எந்தக் குறி எந்தச் சொற்களில் வருகிறது என்ற அட்டவணையை முன்பே செய்துவைத்து, தொட்ட சொற்களை மட்டும் மதிப்பிடவும்.

50 ஓட்டங்களும் முடிந்ததும் மிக உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது பலருடைய பழக்கம். அதைவிடப் பயனுள்ளது, முதல் 10 ஓட்டங்களை அடுத்தடுத்து வைத்து ஒவ்வொரு குறியும் எத்தனை ஓட்டங்களில் ஒரே எழுத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. 'ல்', 'ம்', 'ப்', 'க்' போன்றவை முதலில் நிலைகொள்ளும். அவை ஒட்டுகளாகவும் வருபவை. 'அரசன்' என்பதற்கான 'ம்–ல்–க்', அபிமெலேக்கு என்ற பெயருக்குள் நமக்குத் தெரிந்ததுதான், இந்த எழுத்துகளால் ஆனது. 'நாய்', 'வெள்ளி' ஆகியவற்றுக்கான சொற்களும் இரு மொழியிலும் குறிக்குக் குறி ஒத்தவை. இவை பூட்டுப் போட்டதும் மற்றவை சுற்றி அமரும்.

ஓட்டத்துக்கு ஓட்டம் தாவிக்கொண்டே இருக்கும் குறிகள் இரண்டு வகை. ஒன்று, மிக அரிதாக வருபவை. அவற்றுக்குத் தரவே போதாது. இன்னொன்று, எபிரேயத்தில் ஒரே எழுத்துக்குள் கலந்துவிட்ட இரட்டைகள். உகாரித்தில் ஆலெப்புக்கு மூன்று குறிகள்; ஹெத், ஆயின், ஷீன், த்சாதே, சாயீன், சாமெக் ஆகிய ஆறுக்கும் இரண்டிரண்டு. 22உடன் இந்த எட்டுக் கூடுதல் சேர்ந்ததுதான் 30. ஆலெப் மூன்றும் உண்மையில் உயிரைச் சுமப்பவை: ஆலெப்பில் முடியும் 'அரியணை' போன்ற சொல் வேற்றுமைக்கேற்ப ஈற்றுக்குறியை மாற்றிக்கொள்ளும். முன்பகுதி ஒன்றாகவும் ஈறு மட்டும் மாறியும் வரும் சொற்களைத் தனியாகத் திரட்டினால், இந்த மூன்றும் உறவுக்காரர்கள் என்பது அகராதி இல்லாமலே தெரியவரும்.

மற்ற இரட்டைகளைப் பிரிக்க எபிரேயத்தால் முடியாது, அரபியால் முடியும். அரபியில் 28 எழுத்து இருப்பதால் இரண்டு ஹெத்துகளும் இரண்டு ஆயின்களும் அங்கே தனித்தனி. அரபி அகராதியை இரண்டாவது சாட்சியாகச் சேர்த்து, அதே நிரலைத் தனியாக ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடவும். ஒரு எச்சரிக்கை: ஒலி ஒத்திருக்கும் என்று எதிர்பார்த்து நிரலுக்குள் எதையும் திணிக்க வேண்டாம். 'ஐந்து' என்ற சொல்லின் ஈறு உகாரித்திலும் எபிரேயத்திலும் 'ஷ்', அரபியில் 'ஸ்'. 'மூன்று' என்ற சொல்லில் எபிரேய ஷீன் நிற்கும் இடத்தில் உகாரித்தும் அரபியும் வேறோர் ஒலியைக் காக்கின்றன. முறையான இணைவுதான் இனத்துக்குச் சான்று. காதுக்கு ஒத்திருப்பது சான்று ஆகாது.

இனி, எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்கக் கூடாத மூன்று சோதனைகள்.

உகாரித் சொற்களுக்குள் குறிகளைக் குலுக்கிவிட்டு நிரலை முழுமையாக ஓட்டவும். சொல் நீளமும் குறிகளின் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும், மொழி மட்டும் இருக்காது. அப்போதும் ஒரு மதிப்பெண் வரும், அதுதான் சுழியம். உண்மையான தரவின் மதிப்பெண் இதைவிட எவ்வளவு மேலே என்பதையே குறித்துவைக்க வேண்டும்.

எபிரேயத்துக்குப் பதில் தொடர்பே இல்லாத மொழியை வைத்து ஓட்டவும். லத்தீன் உரையில் உயிர்களை நீக்கி, மெய்க்கூடுகளின் பட்டியல் செய்தால் ஆயிற்று. எடைகளைப் பட்டியலுக்கேற்ப மறுபடி கணக்கிட வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடு நியாயமாக இராது. தொடர்பில்லாத மொழியிலும் சில 'அழகான' சொற்கள் கட்டாயம் கிடைக்கும். அவற்றை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் யாராவது பத்துச் சொல் ஒற்றுமையைக் காட்டி ஒரு எழுத்தை உடைத்துவிட்டதாகச் சொல்லும்போது, தற்செயல் எப்படி இருக்கும் என்பது கண்ணெதிரே இருக்கும்.

மூன்றாவது, பாதிப் பலகைகளில் பொருத்தத்தைக் கண்டு, மீதிப் பாதியில் அதைச் சரிபார்ப்பது. சொற்களைக் குலுக்கிப் பாதியாக்கக் கூடாது, பலகைகளைப் பாதியாக்க வேண்டும். தமிழ் வேதாகமம் பாகால் என்று எழுதும் தெய்வத்தின் கதைப் பலகைகளில் அடைமொழிகள் வரிக்கு வரி திரும்ப வரும். சொல்லளவில் பிரித்தால் ஒரே தொடர் இரு பக்கமும் போய், சோதனை பொய்யாகத் தேறிவிடும்.

அடுத்த படியாக லீனியர் பி என்ற பண்டைக் கிரேக்க எழுத்தை எடுப்பவர்கள் நிரலில் ஒரு பகுதியை அடியோடு மாற்ற வேண்டும். அது அசையெழுத்து, சுமார் 90 அசைக்குறிகள். கிரேக்கச் சொல்லின் ஈற்று 'ஸ்', 'ன்' எழுதப்படுவதில்லை. 'ர', 'ல' இரண்டுக்கும் ஒரே குறி. நோஸோஸ் நகரப் பெயர் 'கோ–நோ–ஸோ' என்றும் ஃபைஸ்டோஸ் 'பா–இ–தோ' என்றும் நிற்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நமது முறை இங்கே ஓடாது. கிரேக்கச் சொல்லை முதலில் அந்த எழுத்துமுறையின் விதிப்படி சிதைத்து எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். 2019 ஆய்வின் நிரல் இனச்சொற்களில் 67.3 விழுக்காட்டைச் சரியாகப் பெயர்த்தது இந்த எழுத்தில்தான். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ஊர்ப் பெயர்களை வைத்து இந்த எழுத்தில் வெற்றி கண்டதும், அதற்கு முன் அலீஸ் கோபர் ஒரே சொல் மூன்று ஈறுகளோடு வரும் தொகுதிகளைத் திரட்டியதும் நிரலுக்கான நேரடிப் பாடங்கள்: ஊர்ப் பெயர்களுக்குத் தனிப் பட்டியலும் தனி எடையும் கொடுத்தால் தேடல் வேகமாக நிலைகொள்ளும்.

தமிழில் இதைப் படிப்பவர்களின் மனம் சிந்துவெளி எழுத்தின் பக்கம்தான் போகும். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகள். மொத்தக் குறிவரவு 13,372. அவற்றில் சாடி போன்ற குறி மட்டும் 1,395 தடவை. 112 குறிகள் ஒரே ஒரு தடவை. ஒரு தொடரின் நீளம் சராசரியாக ஐந்து குறி. சொல் பிரிப்புக் குறி நிலைநாட்டப்படவில்லை. எந்த மொழிக் குடும்பம் என்பதில் ஒத்த கருத்து இல்லை. இந்த நிலையில் மேலே சொன்ன நிரலில் 417 குறிகளையும் போட்டு, ஒருபக்கம் சங்கச் சொற்பட்டியலையும் இன்னொரு பக்கம் சமஸ்கிருதப் பட்டியலையும் வைத்தால், இரண்டிலும் வாசிப்புகள் கொட்டும். ஒரே தடவை வரும் குறிக்கு எந்த ஒலியை வைத்தாலும் அதை மறுக்க வேறிடம் இல்லை.

வாசிக்காமலே அளக்கக்கூடியவை அங்கே நிறைய உண்டு. எந்தக் குறி தொடக்கத்தில், எது ஈற்றில், எது எதன் பின்னால் என்பவற்றை எண்ணலாம். ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மகாதேவன் உள்ளிட்ட குழு 2009இல் குறிவரிசையின் நிபந்தனை என்ட்ரோபியை (ஒரு குறிக்குப் பின் எது வரும் என்பதில் உள்ள நிச்சயமின்மையின் அளவை) அளந்து, அது மொழிகளின் அளவோடு ஒத்திருப்பதாகக் காட்டியது. அந்த அளவு ஒன்றே மொழியெழுத்து என்பதை நிறுவாது என்று ரிச்சர்ட் ஸ்ப்ரோட் மறுத்தார். மறுப்பு வலுவானது என்பதே எங்கள் கருத்து. ஆனால் உடைந்த முத்திரையில் விடுபட்ட குறி எதுவாக இருக்கலாம் என்று அண்டைக் குறிகளை வைத்துக் கணிக்கும் மாதிரி, ஒலியைப் பற்றி எதுவும் சொல்லாமலே பயன்படுகிறது. அந்த வேலையைத் தயங்காமல் செய்யலாம்.

ஒலி வாசிப்புக்கு ஆசைப்படுபவர்கள் அதற்கு முன் உகாரித் தரவை வைத்து இன்னொரு ஓட்டம் ஓட்டவும். சொல் பிரிப்புக் குறிகளை நீக்கி, பலகைகளை ஐந்து ஐந்து குறிகளாக வெட்டி, துண்டுகளைக் கலைத்துப் போட்டு, எபிரேயப் பட்டியலை அப்படியே வைத்து நிரலை ஓட்டுங்கள். பிறகு துண்டுகளின் எண்ணிக்கையை 3,000, 1,500, 700 என்று குறைத்துக்கொண்டே போங்கள். 50 ஓட்டங்களில் எத்தனை குறிகள் ஒரே இடத்தில் நிற்கின்றன என்பதை ஒவ்வொரு அளவுக்கும் வரைபடமாகப் போடுங்கள். குலுக்கிய தரவின் கோடும் உண்மைத் தரவின் கோடும் எந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவோ, அந்த அளவுக்குக் கீழே, வெறும் 30 குறியுள்ள எழுத்தில், இனமொழி தெரிந்திருந்தும், இந்த நிரல் தரும் வாசிப்பு எதையும் ஏற்க வேண்டாம்.